மெதுவாகப் போனவரின் இன்ஜின்

"மேற்படி எதிரி தனது சரக்கு வேனை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும், மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் விதத்திலும் ஓட்டி வந்து..." முதல் தகவல் அறிக்கை சகாய ஆண்டனியை இப்படித்தான் வர்ணித்தது. அன்றைக்கு அவர் குன்றக்குடி சாலையில் ஆட்டு மந்தைக்கு வழிவிட்டுக் கிட்டத்தட்ட நின்றேவிட்டிருந்தார். பின்னால் பறந்து வந்த மோட்டார் சைக்கிள் வேனில் மோதி, ஓட்டி வந்த இளைஞன் அங்கேயே இறந்துபோனான். வழக்கு தள்ளுபடியாகிப் பல வருஷம் ஆகிறது. நீதிமன்றம் விட்டாலும் ஆண்டனி தன்னை விடவில்லை. ஏற்கெனவே மெதுவாகப் போகிறவர், இன்னும் மெதுவாகப் போனார்.

தொழிலும் அதற்கு ஒத்தாசை செய்தது. ஆத்தங்குடித் தரைக்கல்லை வேனில் நிறுத்தி அடுக்கி, இடையில் வைக்கோல் செருகுவார்கள். ஒரு குழியில் தூக்கிப் போட்டால் மூலை உதிரும். ஆண்டனி வண்டியில் உதிர்ந்ததே இல்லை. கல் எப்போது வரும் என்று வீடு கட்டுகிறவர்கள் கேட்டால், "ஆண்டனி வண்டியிலன்னா பால் காய்ச்சுறதத் தள்ளி வச்சுக்கங்க" என்பார்கள் பட்டறைக்காரர்கள். சொல்லிவிட்டு அவரையே கூப்பிடுவார்கள்.

அந்த வேன் போன ஆடியில் நீலப் புகை கக்கி, காளையார்கோவில் போகும் வழியில் நின்றுவிட்டது. காரைக்குடிக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் மருது பிரித்துப் பார்த்து இரண்டு வழி சொன்னான். இதையே ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து, புது பிஸ்டன் போட்டுக் கட்டலாம்; இல்லையென்றால், விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய நல்ல இன்ஜின் மதுரையில் இருக்கிறது, மாட்டிக்கொள்ளலாம். செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பணமாவது முடிவெடுத்திருந்தால் ஆண்டனிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விபத்து என்றதுமே மதுரை இன்ஜின் வேண்டாமென்று ஆகிவிட்டது. பழையதையே கட்டச் சொன்னார். இது எதனால் போச்சு என்று பேச்சுக்குக் கேட்டும் வைத்தார். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்கதாண்ணே கொன்னது," என்றான் மருது. "டீசல் இன்ஜின் உழைச்சுச் சூடேறணும். நீங்க சப்பரம் மாதிரி ஓட்டியிருக்கீக. சிலிண்டரு உள்ள தொட்டுப் பாருங்க, கண்ணாடியாட்டம் வழுவழுன்னு கெடக்கு. பிஸ்டன் ரிங்கு எங்குட்டுப் பிடிக்கும்? கட்டித் தாரேன். லோடோட நல்லா மிதிச்சு ஓட்டுங்க. இல்லைன்னா இதுவும் சாகும்."

வீட்டில் சொன்னபோது மனைவி வியாகுலம்மாள் சிரித்தாள். பூசைக்கு நடந்து போகிற தனக்கு முன்னால் அந்த வண்டி ஒருநாளும் கோயில் சேர்ந்ததில்லை என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்ஜின் ஏறியதும் கல் ஏற்றி, மருதுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, திருப்பத்தூர் சாலையில் ஓட்டினார். மிதித்தார். வண்டி, அவருக்கே பழக்கமில்லாத ஒரு குரலில், சந்தோஷமாக உறுமியது. கண்ணாடியில் ஒரு பைக் தெரிந்தது; கால் தானாக எழும்பிவிட்டது. மறுபடி மிதித்தார். மறுபடியும் எழும்பியது. முதலில் கேலி பேசிக்கொண்டு வந்த மருது, கொஞ்ச தூரத்தில் வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

"இது என் கையில பொழைக்காதுடா," என்றார் ஆண்டனி.



கல்லை இறக்கிவிட்டு வந்ததும், வேலை தேடிக்கொண்டிருந்த வீரபாண்டியன் என்ற டிரைவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.