எண்பத்து நான்கு நாள்

எட்டாம் ஆண்டில் எக்ஸ் வைத்துச் செய்யும் அட்சரகணிதம் என்றாலே எனக்குப் பயம். சமன் குறியைத் தாண்டியதும் கூட்டல் எப்படிக் கழித்தலாகிறது என்பது எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது. என்னைப் போன்ற ஆறு பேரைப் புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மறித்துவைத்தார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கணித டீச்சர். லிந்துலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதவைத்தே எங்களுக்குக் கணக்கைப் புகட்டிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“உங்களுக்குத் தெரிய வேணும் எண்டு ஆசைப்படுற ஒண்டை எக்ஸ் எண்டு வையுங்கோ” என்றார்.

மற்றவர்கள் கிரிக்கெட் ஓட்டங்களை வைத்தார்கள். நான் யோசிக்கவேயில்லை. அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருடம் முடிய இருந்தது. “இன்னும் எம்பத்தி நாலு நாளுல ஒங்கம்மா வந்துருவா” என்று அன்று காலையில்தான் அப்பா கலண்டரைப் பார்த்துச் சொல்லியிருந்தார். மிச்ச நாள் எக்ஸ். அதோடு கடந்துபோன நாளைக் கூட்டினால் எண்பத்து நான்கு. போன நாளைச் சமன் குறிக்கு அந்தப் பக்கம் தள்ளிப் புரோகிராம் எழுதினேன், கழிபட்டது. அன்றைக்கே விளங்கிவிட்டது.

ஒவ்வொரு புதனும் போன நாளோடு ஏழு கூட்டுவேன். மிச்சம் எழுபத்தேழு, எழுபது, அறுபத்து மூன்று என்று திரையில் வரும். அப்பா தேயிலை ஃபேக்டரியிலிருந்து வரும்வரை, தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பேச ஆளில்லை. அந்த எண்ணோடுதான் பேசிக்கொண்டிருப்பேன். பூச்சியம் வந்த புதனன்று பஸ் நிற்கும் இடத்தில் மழையில் நின்றுவிட்டுத் தனியாகத் திரும்பினேன். அடுத்த புதன் திரையில் கழித்தல் ஏழு என்று வந்தது.

“கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்க டீச்சர்” என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

டீச்சர் வரிவரியாகப் பார்த்தார். “புரோகிராம் சரியாத்தான் இருக்கு பிள்ளை. இந்த எண்பத்தி நாலை ஆர் சொன்னது?”

“அப்பாதாங்க.”

டீச்சர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். கீழே ஒரு வரி சேர்த்தார். விடை பூச்சியத்துக்குக் குறைந்தால் இனி எண் வராது. ஆங்கில எழுத்தில் ‘வருவா’ என்று மட்டும் வரும்.

மெஷினைத் திருத்தியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன். அப்பா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கை யார் சொன்னது என்று டீச்சர் கேட்டதையும் சொன்னேன். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கப்போவதாக அம்மா எழுதிய கடிதம் ஒரு மாதத்துக்கு முன்பே அவர் கைக்கு வந்திருந்ததாம். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்பா ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதத் தொடங்கினார். நிறுத்தவேயில்லை.

“நெருப்பு நல்லாத்தானேப்பா எரியுது, ஏன் ஊதுறீங்க?” என்று கேட்டுச் சிரித்தேன்.