படத்தைத் திருத்திப் பறித்த அவுரி

நிறம் விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் படங்களுக்கு நிறம் திருத்துவது என் வேலை. ரோஜாப் படம் வந்தால் நிஜ ரோஜாவை மேசையில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாகும்வரை மெஜந்தாச் சிவப்பைக் கூட்டுவேன், சயான் நீலத்தைக் குறைப்பேன். பூவும் படமும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு படத்தின் மேல்தான். எங்கள் தொழிலில் அது வேதவாக்கு. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

போன வருடம் என் மனைவிக்கு மதுரையில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தோம். நோய் போய்விட்டது. கொட்டிய முடியும் திரும்ப முளைத்தது. ஆனால் வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்குத்தான். அவள் வாசற்படி தாண்டுவதை நிறுத்திவிட்டாள். பால்காரர் மணியடித்தால்கூட நான்தான் போக வேண்டும். தை மாதம் மல்லாங்கிணற்றில் அவளுடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். பள்ளிக்கூடம் படிக்கிற நாளெல்லாம் விருதுநகரில் எங்கள் வீட்டிலேயே இருந்து, இவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பெண்.

"நான் வரலீங்க. வாரவுக எல்லாம் பிள்ளைய விட்டுட்டு என் தலையத்தான் பாப்பாக" என்றாள்.

அவளில்லாமல் அந்தக் கல்யாணத்தில் போய் உட்கார என்னால் முடியாது.

கடைச் சாயம் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருதாணி பூசி அலசிவிட்டு, மேலே அவுரி இலைப் பொடியைக் குழைத்துப் பூசினால் முடி கறுக்கும் என்று கேள்விப்பட்டோம். பாக்கெட்டில் வரும் பொடியில் என்ன கலந்திருக்குமோ என்று அவளுக்குப் பயம். நானே பறித்து வருகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பினேன். காலண்டர் சீசன் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடி என் கைக்கு வந்திருந்த நேரம் அது.

ஆமத்தூர்ப் பக்கம் உழாமல் கிடந்த கரிசல் காட்டில் வண்டியை நிறுத்தினேன். முழங்கால் உயரச் செடி, எதிரெதிராகச் சின்னச் சின்ன இலை, பயறுப் பூ போலவே ஒரு குட்டிப் பூ. போனில் இருந்த அவுரிப் படத்தோடு எல்லாம் பொருந்தியது, பூவின் நிறத்தைத் தவிர. படத்தில் சிவப்பு கலந்த ரோஸ். செடியில் நல்ல ஊதா. எவனோ கத்துக்குட்டி எடுத்த படம் என்று முடிவு கட்டினேன். அங்கேயே வெயிலில் நின்று, போனிலேயே சிவப்பை இறக்கி நீலத்தை ஏற்றினேன். படம் அச்சு அசலாகச் செடி மாதிரியே ஆனது. எனக்கு ரொம்பத் திருப்தி. ஒரு பை நிறையப் பறித்தேன்.

நிழலில் உலர்த்தி, மிக்சியில் அரைத்து, சலித்து, மருதாணி போட்டு அலசிய அவள் தலையில் நானே பூசினேன். கையுறை போட்ட என் விரல்களுக்குக் கீழே அந்தத் தலை அவ்வளவு சின்னதாக இருந்தது.

அலசிப் பார்த்தால் மருதாணி ஏற்றிய ஆரஞ்சு அப்படியே இருந்தது. ஒரு இழைகூடக் கறுக்கவில்லை. கண்ணாடி முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தப் பூ முதல்ல இந்தக் கலர்லயா இருந்துச்சு?"

"கொஞ்சம் திருத்தினேன்."

"செடிக்குத் தக்கன படத்தத் திருத்துனீகளாக்கும்?"

வைத்தியத்துக்குப் போன நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு அது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் பையில் மிச்சமிருந்த கொப்பை எடுத்து, போனில் தேடித் தேடி ஒப்பிட ஆரம்பித்தாள். காய் தட்டையாக, வாள் போல லேசாக வளைந்திருந்தது. இலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாமல் அம்பு முனை போலப் பிய்ந்தது. "இது கொளிஞ்சி. வயலுக்குத் தழை உரமாப் போடுறது" என்றாள். அவுரிக்குக் காய் உருண்டு மெலிந்து ஊசி போல இருக்குமாம். நான் காயைப் பார்க்கவே இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். உங்கள நம்பி விட்டா எருக்கலையக் கொண்டாந்து தேய்ச்சுருவீக."

வந்தாள். வாசற்படியில் ஒரு கணம் தயங்கினாள், அவ்வளவுதான். கண்மாய்க் கரையோரம் செடி செடியாகக் குனிந்து, காயைத் தடவி, இலையைக் கிழித்து, "இது இல்ல, இதுவும் இல்ல" என்று போய்க்கொண்டே இருந்தாள். முக்காடு நழுவி வெகுநேரமாகியும் எடுத்துப் போடவில்லை. பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் சிலர் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்து போனார்கள். அவள் கவனிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், இலைகளுக்கு நடுவே ஒளிந்தாற்போலக் குட்டையான ரோஸ் பூங்கொத்து. அடியில் ஊசிக் காய்கள். இலை அம்பாகப் பிய்யவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "படம் சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

பை நிறைந்தது. விருதுநகர் வந்து, வீட்டுக்குத் திரும்பும் தெருவில் வண்டியை ஒடித்தேன். என் தோளில் தட்டினாள்.

"நேரா விடுங்க. மல்லாங்கிணறு போய்ப் பிள்ளையப் பாத்துட்டு வருவோம்."

"இந்தத் தலையோடவா?"

"தலைக்கென்ன? எங்க வீட்டுக்காரர் போட்ட கலருன்னு சொல்றேன். பிள்ள சிரிக்கட்டும்."