ஜீப்பு சின்னச்சாமியின் கண்ணாடித் தோட்டம்

போடி ஜீப்பு ஸ்டாண்டில் சின்னச்சாமி மாமாவின் வண்டியைக் கண்டுபிடிக்க நம்பரெல்லாம் பார்க்க வேண்டாம், முகர்ந்தாலே போதும். ஏலக்காய் வாசனையோடு ஓடைப் பாசி வாசனையும் சேர்ந்து அடித்தால் அதுதான்.

விடியுமுன்னே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறுவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். நடுவில் கிடக்கிற பொழுதில் மற்ற டிரைவர்கள் சீட்டு விளையாடுவார்கள், இல்லாவிட்டால் குறட்டை விடுவார்கள். இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிடுவார். திரும்பி வரும்போது டிபன் வாளியில் சோறு இருக்காது, செடி இருக்கும்.

எங்களுக்கு அவர் பக்கத்து வீடு. சொந்தமெல்லாம் இல்லை. நான் மாமா என்பேன், அவர் மாப்ளே என்பார். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது, அதனால் இரண்டு பேருக்கும் ஆபத்தில்லை.

மதுரையில் ஒரு ஓட்டல் வாசலில் கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பார்த்ததில் தொடங்கியது இந்தக் கிறுக்கு. பிளாஸ்டிக் செடி இல்லை, நிஜச் செடி. தண்ணீருக்குள் ஒரு காடு, அதற்குள் மீன்கள். அதேபோல ஒன்றுக்கு என்ன விலை என்று கடையில் விசாரித்துவிட்டு, மீன் விற்கிறார்களா வீடு விற்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே ஊர் திரும்பினார். அதற்குப் பிறகு எல்லாமே சொந்தத் தயாரிப்பு. மூடிப்போன பேக்கரியின் ஷோகேஸ் கண்ணாடியை ஒட்டித் தொட்டி. அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து அதற்குள் பல்பு. கண்மாயில் பிடுங்கிய வேலம்பாசியும் கொட்டிக்கிழங்கும், ஓடையில் எடுத்த பேர் தெரியாத செடிகளும். பேர் தெரியாதவற்றுக்கு அவரே பேர் வைத்தார். சுருளாக வளர்ந்தது சந்திரவல்லி. அது அவர் பெண்டாட்டியின் பேர். அத்தையிடம் அதை நான் சொல்லவில்லை. தேவைப்படும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

முதல் தடவை தண்ணீர் பச்சைச் சட்னியாகிப் போனது. இரண்டாம் தடவை, செடிக்குக் காற்று கொடுக்க வேண்டும் என்று ஃபோனில் பார்த்துவிட்டு, சோடா பாட்டிலில் சீனியும் ஈஸ்ட்டும் கரைத்து ட்ரிப்ஸ் குழாய் மாட்டினார். குழாய் அடைத்துக்கொண்டது. பாட்டில் வெடித்த சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. சுவரெல்லாம் கள்ளு நாற்றம். சின்னச்சாமி வீட்டுக்குள் காய்ச்சுகிறான் என்று மொக்கம்மாள் கிழவி கோயில் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

மூன்றாம் தடவைக்குத்தான் அத்தை கெடு வைத்தது. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரித்துப் பிரித்து அதற்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டோடு உட்கார்ந்து தைக்கலாம் என்று ஒரு தையல் மெஷினுக்குச் சொல்லியிருந்தது. வெளிச்சம் விழுவது ஜன்னலோர மூலையில் மட்டும்தான். அங்கேதான் தொட்டி உட்கார்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை மெஷின் வருது. அதுக்குள்ள இதுல மீனு உசுரோட நீந்துச்சுன்னா நான் மெஷின வேற பக்கம் தள்ளிப் போட்டுக்கிறேன். இல்லேன்னா தொட்டி மொட்டமாடிக்குப் போகுது. வடகம் காயவைக்க எனக்கு ஆகும்" என்றது.

மாமாவுக்குத் தூக்கம் போயிற்று. இந்தத் தடவை அடியில் நல்ல மண் போட்டு, மேலே மணல் மூடிவிட்டால் செடி பிய்த்துக்கொண்டு வளரும் என்று தெரிந்துகொண்டார். நல்ல மண்ணுக்கு எங்கே போவது? மலைக்குத் தினமும் போகிறவருக்கு அதில் என்ன சந்தேகம். ஏலச் செடி ஆள் உயரம் நிற்கிற மண்ணைவிட நல்ல மண் எது? ஜீப்பு ஸ்டாண்டே ஒத்துக்கொண்டது. தோட்டத்தில் கேட்டு ஒரு சாக்கு கறுப்பு மண் கொண்டுவந்தார். ஏலக்காய்ச் சல்லடையில் சலித்தோம். மாவு மாதிரி விழுந்தது. கொழுக்கட்டை பிடித்துத் தின்னலாம் போலிருந்தது. செடிகள் நட்ட இரண்டாம் நாளே புதுத் தளிர். இலையில் குட்டிக் குட்டிக் குமிழ் கோத்து, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே ஏறியது. மாமா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கப்பி மீன்கள் வாளியில் தயாராக இருந்தன. மறுநாள் விடுவதாக ஏற்பாடு.

இவ்வளவு சந்தோஷத்தைச் சும்மா விடலாமா. மொக்கம்மாள் வீட்டுத் தண்ணீர் டிரம்மில் கொசுப் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஒரு டம்ளர் மொண்டு வந்து யாரும் பார்க்காமல் தொட்டியில் ஊற்றினேன். செடியோடு வந்த முட்டை பொரித்து மீன்குஞ்சு வந்துவிட்டது என்று மாமா தெருவையே கூப்பிடுவார். தெரு வந்ததும் விஷயத்தை உடைக்கலாம் என்று திட்டம்.

சாயங்காலம் வந்து டார்ச் அடித்தார். கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தேன். புழுக்கள் எல்லாம் மணல்மேல் சுருண்டு கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

கொசுப் புழு சாக்கடையிலும் சாகாத சாதி. உண்மையைச் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் டிரம்முக்கு ஓடிப் போய் இன்னும் கொஞ்சம் புழு கொண்டுவந்தார். ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர், ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீர், இரண்டிலும் விட்டார். குழாய்த் தண்ணீரில் கும்மாளம். தொட்டித் தண்ணீரில் கொஞ்ச நேரம் துடிப்பு, அப்புறம் ஒன்றுமில்லை.

அத்தை வந்து இடுப்பில் கை வைத்து நின்றது. "எந்தக் காட்டு மண்ணு?"

"மேல ஏலக்காட்டு மண்ணுதான்."

"மருந்தடிக்கிற ஆளுகள மாசாமாசம் அந்தக் காட்டுக்கு ஏத்திட்டுப் போறது யாரு?"

ஏற்றிக்கொண்டு போவது மாமாதான். பூச்சிமருந்து டின்களை அவர் சீட்டுக்கு அடியில்தான் வைப்பார்கள். அந்த வாசனை பழகிப் பழகி, அது மண்ணில் இறங்கும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஸ்டாண்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் வாளியில் நீந்துகிற கப்பிகளைப் பார்த்தார். பிறகு குனிந்து செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

அந்த முதுகைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கண்ணில் தூசி வேறு.

"அத்தை, அதுல ஒண்ணுக்கு மாமா உங்க பேரு வச்சிருக்காரு" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அத்தை என்னைப் பார்த்தது, அவர் கையிலிருந்த சுருள் செடியைப் பார்த்தது. கொல்லைப்பக்கம் போயிற்று. கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்த பெயிண்ட் வாளியை இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு இலை கேட்டால்கூட முறைக்கிற கன்று அது.

"இதுக்குச் சாணியும் அடுப்புச் சாம்பலும் தவிர நான் ஒண்ணும் போட்டதில்ல. பாதி மண்ண எடுத்துக்கங்க. வேரு அந்து போச்சுன்னா ரெண்டு பேரும் ராத்திரி பட்டினி."

அப்புறம் நடந்ததுதான் திருவிழா. மணலை அலசினோம், கண்ணாடியைத் தேய்த்தோம், செடிகளை வாளி மாற்றி வாளி மாற்றி முக்கினோம். அத்தையே சல்லடை பிடித்தது. தண்ணீர் ஊற்றும்போது மண் கிளம்பாமல் இருக்க, தட்டு வைத்து அதன்மேல் ஊற்றச் சொன்னதும் அதுதான். சனிக்கிழமை முழுக்கப் புழுப் பரீட்சை. எல்லாம் பாஸ், என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் நூற்றுக்கு நூறு.

ஞாயிறு காலை கப்பிகளை விட்டார். இரண்டு நிமிஷம் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன. பிறகு தலைவர் மாதிரி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு சந்திரவல்லிக்குள் நுழைந்தது. மாமா என் தோளைப் பிடித்த பிடியில் இன்னும் வலி இருக்கிறது.

மெஷின் வந்து இறங்கியது. எங்கே வைக்க என்று லோடு ஆள் கேட்டார். அத்தை தொட்டியை ஒட்டினாற்போல் இடம் காட்டியது.

"மெதுவா வையிங்க அண்ணே" என்றது. "மீனு பயந்துரும்."