கிளட்சை மிதித்தால் சத்தம் இல்லை

துபாயிலிருக்கும் அக்கா வீட்டு மச்சான், உயிராக நினைக்கும் ஸ்போர்ட்ஸ் காரை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்.

கொஞ்ச நாளாகக் கியர்பாக்ஸில் நெல் மில் மாதிரி இரைச்சல்.

"கெட்டி ஆயில் ஊத்துங்க பாய், அமுங்கிடும்" என்றார் பாபநாசம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். பழைய கியர் ஆயிலை வடித்துவிட்டு ஊற்றினேன். இரைச்சல் அப்படியே இருக்கிறது. இப்போது இரண்டாவது கியரும் விழ மறுக்கிறது.

இன்று மச்சான் வீடியோ காலில் வந்தார். "மாப்ள, வண்டிய ஸ்டார்ட் பண்ணு, சத்தம் கேட்டு நாளாச்சு."

கிளட்சை அழுத்தினால் மட்டும் அந்த இரைச்சல் நிற்கும். அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்தேன்.

"மாஷா அல்லாஹ், புதுசு மாதிரியே இருக்கு! கியர் ஆயில மட்டும் மாத்திடாத. அந்த மெல்லிசு ஆயில் நான் தேடி வாங்குனது."

வெள்ளிக்கிழமை வருகிறாராம். அந்த வண்டியிலேயே ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்.

திருச்சியிலிருந்து பாபநாசம் வரை கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.