நகர்த்தாத சீட்

அந்த வண்டியில் ஏறுவது என்று சொல்வதே தப்பு. அதில் இறங்கத்தான் வேண்டும். முதலில் உட்கார்ந்துவிட வேண்டும், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், மழை பெய்யும் திங்கட்கிழமை காலையிலும், ஒரு கையில் குடையும் மறு கையில் சாப்பாட்டுப் பையும் வைத்துக்கொண்டு அவள் இதைச் செய்வதை எதிர்வீட்டுக்காரர் தினமும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது காப்பியோடு சேர்ந்த வழக்கம். அவளுக்கு ‘ரேஸ்காரம்மா’ என்று பெயர் வைத்ததும் அந்த மனிதர்தான். உட்கார்ந்தபின் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொள்வாள். அதில்லாமல் அவள் கால் கிளட்ச்சுக்கு எட்டாது.

சீட்டின் கீழ்ப்பிடியைத் தூக்கி இரண்டு பல் முன்னால் நகர்த்தினால் தலையணையே வேண்டாம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். நான்கு வருடமாக அவள் நகர்த்தவில்லை.

அவளுடைய வேலை பல்செட் செய்வது. ஒரு பெரிய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பின்பக்க அறையில், பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டுக் கொடுப்பாள். முப்பது வருட அனுபவம். முகம் பார்க்காத ஆளின் அச்சைக் கையில் எடுத்தால், இவர் இடது பக்கம் மென்று தின்பவர், இவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர், இவர் பைப்போ பென்சிலோ எதையோ கடித்துக்கொண்டே வாழ்ந்தவர் என்று சொல்லிவிடுவாள். அச்சு பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. யாருடைய அச்சு என்று பெயர்ச்சீட்டு ஒட்டுவதில் மட்டும் அவள் ராட்சசி. ஒருமுறை சக ஊழியன் இரண்டு அச்சுகளை மாற்றி வைத்ததற்கு அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

மெழுகுப் பல்செட்களை மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள்தான், அதுவும் இந்த வண்டியில்தான். வண்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு என்ஜின் முன்னாலும் இல்லை, கடைசியிலும் இல்லை. இரண்டே இரண்டு சீட்டு, அவற்றுக்கு நேர் பின்னால் என்ஜின், ஓட்டுகிறவரோடு முதுகோடு முதுகாக. முன்னால் பானட்டைத் திறந்தால் ஒரு பெட்டி போடும் குழி, பின்னால் என்ஜினைத் தாண்டி இன்னொரு சின்ன டிக்கி. முதல் கோடையில் விவரம் தெரியாமல் பின் டிக்கியில் வைத்த பல்செட் போய்ச் சேரும்போது மெழுகு உருகி, பல்லெல்லாம் ஒரு மூலையில் கூடி நின்றது. அதிலிருந்து பல்செட் முன்னால், சாப்பாடு பின்னால். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஆவி பறக்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சக ஊழியர்களுக்கு அந்த வண்டி மேல் பொறாமை.

மற்றபடி அது கொடுக்காத தொல்லை இல்லை. வெயில் காலத்தில் முதுகு வெந்துபோகும். மழைக்காலத்தில் கூரை ஓரம் கசிந்து இடது தோள் நனையும், அதற்கென்று ஒரு துண்டு வைத்திருக்கிறாள். குளிர்காலத்தில் கண்ணாடியில் படியும் உறைபனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்பினால், ஈரச் சாலையில் பின்பக்கம் லேசாக வழுக்கும். பள்ளம் மேடு ஒவ்வொன்றும் நேரே இடுப்புக்கு வந்துசேரும். “இதை வித்துட்டு மனுஷங்க ஓட்டுற வண்டியா ஒண்ணு வாங்கேன்” என்று சொல்லாதவர்கள் கிடையாது. அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டுவாள். மறுநாள் அதே வண்டியில் வருவாள், வருடத்தில் எல்லா நாளும்.

வண்டி அவள் வீட்டுக்காரருடையது. அவர் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருந்தார். நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள், யாரோ பத்து வருடம் ஓட்டித் தள்ளிய இந்தச் சிவப்பு வண்டியை, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

“காலமெல்லாம் மேலயும் கீழயும் போயிட்டு வந்தாச்சு. இனிமே கொஞ்சம் நேரா போய்ப் பாக்கணும்” என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் கோபம், வண்டி மேல் ஒன்றுமில்லை. ஆனால் அவரிடம் காட்ட முடியாததை வண்டி மேல் காட்டினாள். அவர் அதை மழையில் எடுக்க மாட்டார், பனியில் எடுக்க மாட்டார், தூசி பட்டால்கூடத் தாங்க மாட்டார். நல்ல வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உறையைக் கழற்றி, துடைத்து, “வர்றியா?” என்று கேட்பார்.

“துணி தேய்க்கணும்” என்பாள். அடுத்த வாரம் முட்டி வலி. அதற்கடுத்த வாரம், “அதுல உக்காந்தா தரையில உக்காந்த மாதிரி இருக்கும்.” உட்காராமலே சொன்னாள்.

“இது உக்காந்து போற வண்டி இல்லடி, சாஞ்சு போற வண்டி. காலை நீட்டிக்கிட்டு வந்து பாரு” என்று அவரும் விடவில்லை.

இப்படியே ஆறு வருடம். கோபம் எப்போதோ தணிந்துவிட்டது, ஆனால் இத்தனை தடவை மாட்டேன் என்றுவிட்டு எந்த முகத்தோடு ‘வருகிறேன்’ என்று சொல்வது என்ற வீம்பு மட்டும் மிஞ்சியது. கடைசி வருடம் அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டார். கிளம்பும் முன் சமையலறை வாசலில் வந்து நின்று சாவியை ஒருமுறை குலுக்குவார், அவ்வளவுதான். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். காதில் விழாதது போல.

ஒரு புதன்கிழமை, ஏதோ ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

வண்டி நான்கு மாதம் உறைக்குள் கிடந்தது. பேட்டரி செத்து, டயர் காற்றிறங்கி, அவருடைய பழைய மெக்கானிக் வந்து எடுத்துப்போய்ச் சரிசெய்து திரும்பக் கொண்டுவந்து விட்டான். நெட்டை என்று அவர் செல்லமாகக் கூப்பிடும் ஆள், நிலைப்படியில் குனியாமல் நுழைய மாட்டான். அவன் போனபின் அவள் கதவைத் திறந்து, முதன்முதலாக உள்ளே இறங்கினாள், ஓட்டுகிறவர் சீட்டில்.

கால் எட்டவில்லை. கை ஸ்டீயரிங்கைத் தொட நீள வேண்டியிருந்தது. அவர் அவளைவிட இரண்டு விரற்கடைதான் உயரம், ஆனாலும் அவர் சொன்னதுதான் உடனே நினைவுக்கு வந்தது: சாய்ந்து போகிற வண்டி, காலை நீட்டிக்கொண்டு. அட, இப்படியா போயிருக்கிறார் மனுஷன், ராஜா மாதிரி! அந்தச் சீட்டும் அதன் சாய்வும் அவருடைய உடம்புக்கு எடுத்த அச்சாக அவளுக்குப் பட்டது. அவர் சட்டைகளில் வாசனை போய்விட்டது. செருப்பை யாருக்கோ கொடுத்தாயிற்று. அவர் அளவில் உலகத்தில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். அன்றைக்கே வீட்டுக்குள் போய்த் தலையணையை எடுத்து வந்தாள். அதிலிருந்து வண்டியைத் தினமும் எடுத்தாள். வெயில் நாள் என்று காத்திருந்து என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வண்டியில்தான் போன வருடம் ஒரு கீச்சுச் சத்தம் ஆரம்பித்தது. காலையில் கிளப்பும்போது, அவள் பிடரிக்கு நேர் பின்னால்.

“பெல்ட் முடிஞ்சு போச்சுக்கா. மாத்திடலாம், ஒரு நாள் வேலை. சீட்டை முன்னால தள்ளிக் கழட்டணும். சீட்டுக்குப் பின்னாடி ஒரு தகடு இருக்கு பாருங்க, அது வழியாத்தான் கை போகும்” என்றான் நெட்டை.

“அடுத்த மாசம் பாக்கலாம்” என்றாள்.

அடுத்த மாதம் பன்னிரண்டு தடவை வந்தது. கடைசியில் நெட்டைக்கே பொறுமை போய்விட்டது. “அக்கா, நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அது அறுந்தா என்ஜின் போச்சு. என்ஜின் போனா இந்த வண்டிக்கு வேற என்ஜின் கிடைக்காது. அப்புறம் சீட்டை மட்டும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?”

அவன் சும்மாதான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனாள். ஒரு பையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. நெட்டை ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் கதவோரம் சாக்கை விரித்து முட்டி போட்டிருந்தாள். இரண்டு டப்பாவிலிருந்தும் சம அளவு பசையை எடுத்துக் கையால் பிசைந்து, சீட்டின் கீழே ஓடும் இரும்புத் தண்டவாளத்தில், சீட்டு நிற்கும் இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது?”

“அச்சு எடுக்குறேன். அஞ்சு நிமிஷத்துல இறுகிடும். வேலை முடிஞ்சதும் இதை வெச்சுத்தான் சீட்டை மாட்டணும். ஒரு மயிரிழைகூட மாறக்கூடாது.”

“சீட்டு வைக்கிறதுக்குப் போய் அச்சா? எத்தனாவது பல்லுன்னு எண்ணிட்டாப் போச்சு.” நெட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஊர்ல பல்லு புடுங்குறவங்களைப் பாத்திருக்கேன், காருக்குப் பல்லு கட்டுறவங்களை இப்பத்தான் பாக்குறேன்.”

அவள் சிரிக்கவில்லை. இறுகுகிற பசையை இரண்டு கட்டைவிரல்களாலும் பிடித்தபடி, யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். “அவர் உக்காந்த இடம் இது. அவர் வெச்ச மாதிரியே இருக்கு. நான் தொடவே இல்ல.”

நெட்டையின் சிரிப்பு நின்றது. ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். தலையைச் சொறிந்தான். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பான் போல.

“அக்கா... இது சார் வெச்ச இடம் இல்லக்கா.”

“பின்ன?”

“நான் வெச்சது. பேட்டரி போட்டு வண்டியை எடுத்தப்போ என் கால் மடங்கவே இல்ல. பின்னால தள்ளினேன், சாய்ச்சேன். திரும்பக் கொண்டுவந்து விட்டப்போ பழையபடி வைக்க மறந்துட்டேன். நீங்க மாத்திக்கிட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

பசை இறுகியிருந்தது. அவள் அதை உரித்துக் கையில் வைத்துப் பார்த்தாள். அருமையான அச்சு. ஒரு குமிழி இல்லை, ஒரு கீறல் இல்லை. ஆள்தான் வேறு.

“அப்போ நாலு வருஷமா...” குரல் ஏறியது. “நாலு வருஷமா உன் காலுக்கா நான் தலையணை வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன்?”

நெட்டை தன் கால்களையே பார்த்தான், அவை ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதாள், சாக்கிலேயே உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு. சக ஊழியனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. இவளோ நான்கு வருடம் ஊரான் அச்சுக்குத் தன் புருஷன் பெயரை ஒட்டி வைத்திருந்தாள்.

அவன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினான். சீட்டைக் கழற்றியதும், “அக்கா, இங்க வாங்க” என்று கூப்பிட்டு டார்ச் அடித்தான். தண்டவாளத்தில் பழைய கிரீஸ் காய்ந்து கட்டியாகியிருந்தது. அதில் ஓரிடத்தில், நன்றாக முன்னால், ஆழமாக ஒரு தடம்.

“இதுதான் சாரோடது. அவர் வண்டி வாங்கினப்போ நான் போட்ட கிரீஸ் இது. பல வருஷம் அசையாம இங்கயே நின்னிருக்கு.”

அவள் அந்தத் தடத்தில் விரலை வைத்தாள். ராஜாவும் இல்லை, காலை நீட்டவும் இல்லை. கிழவி ஊசி கோக்கிற மாதிரி ஸ்டீயரிங்கோடு ஒட்டி உட்கார்ந்துதான் ஓட்டியிருக்கிறார் மனுஷன். அந்த ‘சாய்ந்து போகிற வண்டி’ எல்லாம் அவளை எப்படியாவது ஏற்றிவிடுவதற்கு அடித்த அளப்பு.

நெட்டை டார்ச்சை அந்தப் பக்கத்துச் சீட்டுக்குக் கீழே திருப்பினான். அங்கே கிரீஸ் தொடாத வெண்ணெய் போல இருந்தது. “இந்தப் பக்கம் யாருமே உக்காந்ததில்ல போல” என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. சீட்டை அந்தப் பழைய தடத்திலேயே வைத்துப் பூட்டச் சொன்னாள். உள்ளே இறங்கிப் பார்த்தாள். கால் கிளட்ச்சில் போய் நின்றது, கை ஸ்டீயரிங்கில் மடங்கி உட்கார்ந்தது. தலையணைக்கு இடமே இல்லை. அவர் இடமும் அவள் இடமும் ஒன்றுதான். இரண்டு விரற்கடை வித்தியாசத்தில் எவ்வளவு மாறிவிடும்?

அவள் வெளியே வந்ததும் நெட்டை கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தான். அதை விரலில் மாட்டி ஒருமுறை குலுக்கினான்.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்க்கா, சத்தம் போச்சான்னு. வர்றீங்களா?”

குழாய் எதுவும் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அவள் திறந்திருக்க மாட்டாள்.

“வரேன்” என்றாள். அவ்வளவு சின்னச் சொல் அது.

நெட்டை உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அவன் கை சீட்டுக்குக் கீழே போயிற்று.

“சீட்டை நகத்தாதே.”

“அக்கா, முட்டி இடிக்குது.”

“இடிக்கட்டும்.”

அவன் முழங்கால்களை ஸ்டீயரிங்குக்கு இருபக்கமும் காதளவு தூக்கி வைத்துக்கொண்டு, மூச்சுவிடச் சிரமப்பட்டு வண்டியைக் கிளப்பினான். கீச்சுச் சத்தம் போயிருந்தது. அவள் சுற்றிக்கொண்டு வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள். முதலில் உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்துக்கொண்டாள். நான்கு வருடம் ஓட்டியும், இங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் கை இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. லேசாகச் சாய்ந்தால் தோள் படும். இதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

“எந்தப் பக்கம் போகட்டும்?” என்றான் நெட்டை.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நேரா போ” என்றாள்.