உரப்பையோடு போனவள்

எங்கள் வீட்டில் நாய் எல்லாருக்கும் சொந்தம். அதன் வேலை மட்டும் எனக்குச் சொந்தம். வந்தவர்கள் யாராவது "நல்ல வடிவான நாய்" என்று சொன்னால், என் கணவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து "எங்கட நாய்" என்பார். அதே நாய் அடுத்த வளவுக்குள் புகுந்து காயப்போட்ட கருவாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், "இஞ்சரும், உம்மட நாய் செய்த வேலையை வந்து பாரும்" என்று குசினி வாசலில் வந்து நிற்பார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் தொலைபேசி எடுத்தால் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். வீடியோவில் காட்டச் சொல்வாள், கொஞ்சுவாள், "ஏனம்மா மெலிஞ்சு போச்சு?" என்று என்னை அதட்டுவாள். உண்ணி பிடுங்குவது நான்.

நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய நாயும் அல்ல அது. ஒரு நாள் விடியப் படலையைத் திறந்தபோது வெளியே ஒரு உரப்பை கிடந்து அசைந்தது. எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டி வேண்டாம் என்றால் இப்படித்தான் செய்வார்கள். வெறும் உரப்பையில் போட்டு, வாயைக் கட்டி, சந்தையடியிலோ கோயிலடியிலோ, இல்லையென்றால் என்னைப் போல ஒரு இளிச்சவாயின் வாசலிலோ விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பைக்குள் கிடந்தால் வழி தெரியாது, திரும்பி வராது என்பது அவர்களுடைய கணக்கு. கடுவன் குட்டியை யாரும் இப்படி விடுவதில்லை, அதைக் கேட்டு ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். பைக்குள் போவதெல்லாம் பெட்டைக் குட்டிகள்தான்.

கட்டை அவிழ்த்தேன். செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை, தன் மூத்திரத்திலேயே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. "பாவம்" என்றார் என் கணவர். "ஐயோ பாவம்" என்றாள் மகள், அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அதைச் சொல்லிவிட்டு, ஒருவர் வேலைக்கும் மற்றவர் படிப்புக்கும் போனார்கள். அதைக் கழுவித் துடைத்து, பால் கரைத்து வைத்துவிட்டு, நான் வேலை செய்யும் முன்பள்ளிக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கியது நான்.

மகள் அதற்கு ஒரு பெயரும் வைத்தாள். அப்போது தொலைக்காட்சியில் போய்க்கொண்டிருந்த தொடரின் நாயகி பெயர். அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஒரு நாள் நடு வீதியில் ஓடி ஓடி அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தியதே எனக்குப் போதும்.

நாய் வளர்ப்பது லேசு என்று நினைப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வெள்ளியில் எங்களுக்கு மரக்கறி. கத்தரிக்காய்க் குழம்பு விட்ட சோற்றை மோந்து பார்த்துவிட்டு அது என்னை ஒரு பார்வை பார்க்கும், என் மாமியார்கூட என்னை அப்படிப் பார்த்தது கிடையாது. வெள்ளிக்கிழமையில் குசினிக்குள் மீன், மச்சம் எதுவும் புழங்க முடியாது. ஆகவே வளவு மூலையில் மூன்று கல் வைத்து, அதற்கென்று ஒதுக்கிய கரிச்சட்டியில் இரண்டு கருவாட்டுத் தலையை அவித்துச் சோற்றில் பிசைந்து வைப்பேன். பிறகு மீண்டும் ஒரு முறை தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுவேன். அதுவும் வாயை நக்கிக்கொண்டு பின்னால் வரும். "போ வீட்டை" என்று திட்டித் திட்டியே பாதி வழி போய்விடும். கட்டி வைக்கலாமே என்பீர்கள். கட்டினால் ஊளையிடும். ஊளையிட்டால் கெட்டது நடக்கும் என்று அயலில் உள்ளவர்கள் எல்லாரும் வேலியால் தலையை நீட்டுவார்கள்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடலாம். எனக்குத் தாங்க முடியாமல் போனது அதன் குட்டிகள்தான்.

முதல் ஈற்றில் ஆறு குட்டிகள். இரண்டு கடுவன், நான்கு பெட்டை. கண் திறக்கும் முன்பே கடுவன்களுக்கு ஆள் வந்துவிட்டது. பெட்டைகளைத் தூக்கி வயிற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே மாதிரி இறக்கி வைத்தார்கள். நாயாற்றுப் பக்கம் மீன்வாடி வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் தலையில் இரண்டைக் கட்டினேன். மிச்சம் இரண்டும் எங்கள் வளவிலேயே ஓடி விளையாடின. ஒழுங்கை முடிகிற இடத்தில் பெரிய வீதி, அதில் மணல் ஏற்றிய டிப்பர்கள் பறக்கும். ஒரே கிழமைக்குள் இரண்டும் போய்விட்டன. ஒன்றைத் தென்னைக்குக் கீழே புதைத்து மண் காயும் முன் அதற்குப் பக்கத்தில் மற்றதற்கும் கிடங்கு வெட்டினேன். தாய் நாய் இரண்டு நாள் அந்த மண்ணை மோந்துகொண்டு திரிந்தது. அது கிளறிவிடாமல் இருக்கத் தென்னைமட்டையை இழுத்து மேலே போட்டேன். எனக்கு அன்றைக்கு நெஞ்சு விட்டுப்போய்விட்டது. இனி இந்த வளவில் குட்டி பிறக்கக் கூடாது, இன்னொரு குட்டியை நான் புதைக்க மாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது சுகம். பளைப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு நாய்க்குக் கருத்தடை செய்விப்பது சுகமில்லை. கிளிநொச்சியில் இலவச முகாம் வைக்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பிறகு முகாம் தள்ளிப்போனது. மழையென்று மறுபடியும் தள்ளிப்போனது. இதற்கிடையில் நாய்க்குப் பருவம் வந்தது. அதை விறகுக் கொட்டிலுக்குள் விட்டு, கதவுக்குச் சங்கிலி போட்டேன். ஊரில் உள்ள கடுவன்கள் எல்லாம் எங்கள் படலையடியில் கூடிவிட்டன. காலையும் பின்னேரமும் நானே கயிற்றில் பிடித்துக் கொண்டுபோய், மற்றக் கையில் தடியோடு நின்று, வெளிக்கு இருக்கவிட்டுக் கொண்டுவந்து அடைத்தேன். உள்ளே அது அழுதது, வெளியே அவை அழுதன. "உது பெரிய பாவம்" என்று ஒழுங்கையால் போன ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் காதில் வாங்கவில்லை.

ஒருவழியாக முகாமுக்கு நாள் வந்தது. முதல் நாள் இரவு தொடங்கிச் சோறு தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றார்கள், கொடுக்கவில்லை. ஓட்டோக்காரரைக் கேட்டேன். "டீச்சர், குறை நினையாதேங்கோ, சீற்றெல்லாம் மயிராகும்" என்று நழுவிவிட்டார். என் கணவருக்கு அன்றைக்கென்று லீவு எடுக்க முடியவில்லை.

"உரப்பைக்குள்ள கழுத்தளவுக்கு விட்டுக் கட்டி, ஸ்கூட்டியில கால் வைக்கிற இடத்தில வச்சுக்கொண்டு போம். வேற என்ன செய்யிறது?" என்றார்.

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. தலை மட்டும் வெளியே தெரியக் கட்டித் தூக்கி வைத்தேன். அது திமிறவில்லை. உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடுங்கியது. பசியில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

ஒழுங்கையில் திரும்ப முன் பக்கத்து வீட்டுப் பிள்ளை படலைக்கு ஓடி வந்தாள். "டீச்சரக்கா, விடவோ கொண்டு போறியள்? ஒருக்கா நில்லுங்கோ" என்று உள்ளே போனவள், ஒரு பெட்டைக் குட்டியோடு திரும்பி வந்தாள். "எங்கடையையும் சேர்த்து விட்டிடுங்கோ அக்கா. ஆனையிறவு தாண்டி விட்டா வராதாம்."

"நான் ஒப்பரேசனுக்குக் கொண்டு போறன்" என்றேன்.

"நாய்க்கோ?" என்று சிரித்தாள். "சரி, அப்ப போற வழியில இதை விட்டிடுங்கோவன்."

"உம்மட குட்டியை நீர்தான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். இத்தனை வருடம் வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, நான் இந்த நாயோடு படுகிற பாட்டைப் பார்த்தவளுக்கே என் கையில் உரப்பையைக் கண்டதும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பஸ்சில் போனவர்கள் குனிந்து பார்த்தார்கள். பரந்தனுக்குக் கிட்டப் போகும்போது கயிறு அதன் கழுத்தை இறுக்குவது போலிருந்தது. வீதியோரம் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நிறுத்தி, கட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். கடைக்காரர் கையில் தகரத் தட்டோடு வெளியே பாய்ந்து வந்தார்.

"இஞ்ச விடாதேங்கோ! ஒவ்வொருத்தரும் கொண்டந்து எங்கட வாசல்லதான் விடுறியள். உங்களுக்கெல்லாம் மனச்சாட்சி இல்லையோ?"

"ஐயா, நான் விட வரேல்லை..." என்று தொடங்கினேன். அவர் தட்டைத் தூணில் ஓங்கி அடித்தார். அந்தச் சத்தத்தில் நாய் பையை உதறிக்கொண்டு குதித்து, வீதியைக் குறுக்கே கடந்து ஓடியது. ஒரு லொறி பிரேக் அடித்தது. நாய் தப்பி அந்தப் பக்கம் மறைந்தது.

"பாத்தியளே, விட்டிட்டா" என்றார் கடை வாங்கில் குந்தியிருந்த ஒருவர். இன்னொருவர் தொலைபேசியை எடுத்து என்னையும் ஸ்கூட்டி இலக்கத்தையும் படம் பிடித்தார். ஒப்பரேசன் என்றேன், முகாம் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. நான் அதன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். பஸ்சுக்கு நின்ற பெண்கள் தொடர் நாயகியின் பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நல்லா நடிக்கிறா" என்று பின்னால் யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

வயல் வரம்பில் தேடினேன். தண்டவாளம் நெடுகத் தேடினேன். கண்ட ஆட்களிடம் செம்மண் நிற நாய் ஒன்று வந்ததா என்று கேட்டேன். எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என் கையைப் பார்த்தார்கள், பிறகு இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு மதகுக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்ததைக் கண்டேன். கூப்பிட்டேன். காது அசைந்தது, வரவில்லை. நான் ஒரு அடி வைக்க அது ஒரு அடி பின்னால் போனது. என்னைக் கண்டு அது அதற்கு முன் ஒருநாளும் பின்னால் போனதில்லை. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். உரப்பை என் கையிலேயே இருந்தது.

ஊர்தான் நம்பவில்லை என்றால் நாயும் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது, முழுக்க முழுக்கக் கோபத்தில் வந்த அழுகை. பையைச் சுருட்டித் தூர எறிந்துவிட்டு மதகுக் கட்டில் குந்தியிருந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் முழங்காலில் ஈரமாக மூக்கு பட்டது. என் தோள் சால்வையைக் கழற்றி அதன் கழுத்தில் கட்டினேன். ஸ்கூட்டியில் அது தானாகவே ஏறி, முன்னால் பார்த்துக்கொண்டு ஒழுங்காக இருந்தது. பையே தேவைப்பட்டிருக்கவில்லை. கடைக்காரர் எங்களைக் கண்டும் காணாதவர் போல் கேத்திலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

முகாம் நடந்த பொதுநோக்கு மண்டபத்தில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். மருத்துவர் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பிள்ளை. முகம் சுளிக்காமல் நாயை மேசையில் ஏற்றச் சொன்னாள். வயிற்றைத் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"அன்ரி, இது எப்ப பருவத்துக்கு வந்தது?"

"மாரி முடியிற நேரம். ஆனா நான் வெளியில விடேல்லைப் பிள்ளை. கொட்டிலுக்குள்ள அடைச்சு வச்சிருந்தனான்."

"வயித்தில குட்டி கிடக்கு அன்ரி. நாளும் ஆகிட்டுது, இப்ப செய்ய ஏலாது. குட்டி போட்டு, பால் மறந்தாப் பிறகு கொண்டாங்கோ."

"அப்ப முகாம் இருக்குமோ?"

"தெரியேல்லை. இருந்தா அறிவிப்பம்."

திரும்பி வரும் வழி முழுக்கச் சங்கிலியையும் கதவையும் யோசித்துக்கொண்டே வந்தேன். கொட்டிலின் கூரையில் ஓட்டை இல்லை. கீழே தோண்டவும் இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் கணவர் வேலையால் வந்து கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஒப்பரேசன் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் முன்பள்ளிக்குப் போன நேரம் ஒருநாள் ஒரே கத்தல். கேட்டுக்கொண்டிருக்க ஏலாமக் கிடந்தது. பாவம் எண்டு கொஞ்ச நேரம் திறந்து விட்டனான். திருப்பி அடைச்சுப்போட்டன்தானே."

கத்துவதற்கு அவ்வளவு இருந்தது, எதைக் கத்துவது என்று தெரியவில்லை. இவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

"அதுக்கேன் யோசிக்கிறீர்?" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "என்னோட வேலை செய்யிற ரெண்டு பேர் கடுவன் குட்டி கேட்டவை."

"பெட்டையாக் கிடந்தா?"

நாய் அதற்குள் அவருடைய காலடியில் போய் விழுந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அவர் குனிந்து அதன் காதைத் தடவினார். அது பட்டினி என்ற ஞாபகம் அவருக்கு இல்லை. நான் உடுப்புக்கூட மாற்றாமல் குசினிக்குள் போய் அதன் சட்டியை எடுத்து, வழமையைவிட ஒரு அகப்பை சோறு கூட்டிப் போட்டேன்.