மேலே எழுதியிருக்கு

"டேய், இருக்கியா?"

மோட்டார் சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு அந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் கத்தியிருப்பேனோ தெரியாது. திருத்தணியில் ஏறி உட்கார்ந்தால் கனகம்மாசத்திரம் வருவதற்குள் நண்பன் ஐந்தாறு முறை கேட்டுவிடுவான். தலையைத் திருப்பமாட்டான், ரோட்டைப் பார்த்தபடியே கேட்பான். "ஆங், இருக்கேன்டா" என்று நானும் அவன் காதருகே கத்த வேண்டும். ஒரு தடவை வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். வண்டியைப் படாரென்று நிறுத்தி, இறங்கி, திரும்பி என்னையே பார்த்தான். "இந்த விளையாட்டு வாணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வண்டியை உதைத்தான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. நண்பனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். அவன் பட்டாளத்துக்குப் போய் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் வேலை பார்த்தான். நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, வெற்றிலை எச்சில் துப்ப ஜன்னல் வரை எழுந்துபோவதையே பெரிய பிரயாணமாக நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவன் பஸ் ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். பட்டாளத்துச் சாமான்களைச் சென்னையில் ஏலம் விட்டபோது ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதற்குப் பின்சீட்டு என்று ஒன்று கிடையாது. இரும்புச் சட்டத்தின்மேல் கோணிச் சாக்கை நாலாக மடித்துக் கட்டியிருந்தான். அதுதான் என் சிம்மாசனம். திங்கட்கிழமை ஆபீஸில் நான் ஏன் நின்றுகொண்டே கோப்பு பார்க்கிறேன் என்று ஹெட் குமாஸ்தாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம். லாரிக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி எப்படியோ தேற்றிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் வந்து நிற்பான். புதிதாகக் கட்டியிருந்த பூண்டி ஏரியைப் பார்த்தோம். நாராயணவனம் போனோம். கைலாசகோனை அருவிக்குப் போனோம். பார்த்தோம் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. அருவிக்கு அத்தனை தூரம் போய், நான் சட்டையைக் கழற்றி இடுப்பில் துண்டைச் சுற்றுவதற்குள், "போலாமா?" என்பான். பூண்டியில் கரையின்மேல் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்தான். அதற்குள் அவன் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டன. எந்த இடத்துக்கும் அவன் போய்ச் சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றியதில்லை. எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அடுத்த ஞாயிறு நான்தான் அவனுக்கு முன்னால் எழுந்து தலை வாரிக்கொண்டு நிற்பேன். எனக்கும் அந்த ஊரில், அந்த மேஜைக்கு முன்னால், ஏதோ மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஆவணி மாதத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிறு சோளிங்கர் போனோம். எனக்கு ஆச்சரியம். பெரிய மலை ஏறவில்லை, சின்ன மலை ஏறவில்லை. அடிவாரத்தில் குரங்குகளுக்குக் கடலை போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். வந்த வழியே திரும்பாமல் ஆர்.கே.பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவான். அங்கே அம்மையார்குப்பம் பக்கம் ஒரு மண் ரோடு பிரியும். அந்தப் பிரிவில் வண்டியை நிறுத்துவான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ரோட்டையே பார்ப்பான். பிறகு, "பெட்ரோல் பத்தாதுடா" என்று திருத்தணிப் பக்கம் திருப்பிவிடுவான். மூன்று வாரமும் இதே கதை. மூன்றாவது வாரம் டாங்கின் மூடியைத் திறந்து நானே எட்டிப்பார்த்தேன். முக்கால்வாசி இருந்தது.

"யாரைப் பாக்கணும் அங்க? பொண்ணா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

அவன் எஞ்சினை அணைத்தான். அந்தப் பிரிவில் அவன் எஞ்சினை அணைத்தது அன்றுதான் முதல் தடவை. வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான்.

பட்டாளத்தில் அவனோடு அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். நெசவுக் குடும்பம். ஒரே தாலுகா என்று தெரிந்ததும், தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாவா, பாவா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பர்மாவிலிருந்து பின்வாங்கி வரும்போது பாவாவுக்குக் கடுமையான காய்ச்சல். நடக்க முடியவில்லை. நண்பன் அவரைத் தன் வண்டியின் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். மேடு பள்ளமான காட்டுவழி. தூங்கிவிடக்கூடாது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"இருக்கியா பாவான்னு கேப்பேன். ஆங்னு சொல்லுவாரு. கேப்பேன், சொல்லுவாரு. அப்பறம் சொல்லல. தூங்கறாருன்னு நெனச்சிகினு ரொம்ப தூரம் வந்துட்டேன்டா."

அந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான். மறுநாள் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறான். அந்த அதிகாரியும் எல்லைவரை வந்து சேரவில்லை. அவரோடு அந்தச் செய்தியும் போய்விட்டது. பாவாவைக் காணவில்லை என்றுதான் வீட்டுக்குக் கடிதம் வந்ததாம். அது வந்து நாலு வருஷம் ஆகிறது. பாவாவின் மனைவி இன்னும் பூவும் பொட்டுமாகப் புருஷனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று ஷெட்டுக்கு வந்த ஒரு வண்டிக்காரர் மூலம் தெரிந்திருக்கிறது.

"செத்துட்டாருன்னு தெரிஞ்சவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான். நான் வாயத் தொறந்தா அந்தப் பொம்பள தாலிய அறுத்துடுவாங்க. தொறக்கலன்னா அது சாகற வரைக்கும் வாசலப் பாத்துகினு ஒக்காந்திருக்கும். எதுடா நல்லது, நீ சொல்லு."

 என் வயது அப்போது இருபத்தைந்து. "சொல்லிடறதுதான் நல்லது" என்றேன். அது யோசித்துச் சொன்ன பதில் அல்ல. அவன் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் சொன்னது. "அப்ப நீ கூட இரு" என்று வண்டியை உதைத்து அந்த மண் ரோட்டில் விட்டான்.

எங்கள் சத்தம் கேட்டதும் தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பட்டாளத்து வண்டியைப் பார்த்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவன் போட்டிருந்ததும் காக்கிச் சட்டை. இதையெல்லாம் நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். பாவாவின் வீட்டை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் வாசலுக்கு ஓடிவந்து, வண்டியில் இருந்த எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். புருஷன் போன பிறகு அவருடைய தறியில் அவளே இறங்கி நெய்துகொண்டிருந்தாள். காது மந்தமான மாமனார் உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் பாவாகூட பட்டாளத்துல இருந்தவன்கா" என்றான் நண்பன். அவர் பாவா என்றால் இவள் அக்காதானே.

அவள் கோரைப் பாயை விரித்தாள். மோர் கொண்டுவந்து வைத்தாள்.  என் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவையே அவள் பார்த்தாள்.

"இவரு யாரு தம்பி?"

"தாலுகா ஆபீஸுல இருக்காரு."

அவ்வளவுதான். அவள் முகமே மாறிவிட்டது. உள்ளே ஓடி, ஒரு தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவந்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். மடிப்பில் கிழிந்து, கஞ்சி போட்டு ஒட்டியிருந்தது. பட்டாளத்துக்காரரும் ஆபீஸ்காரரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள் என்றால் சர்க்கார் அனுப்பித்தான் வந்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நண்பன் வாயைத் திறந்தான். "அக்கா" என்றான். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.  அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் ஒரு கணம்கூடத் தாங்க முடியவில்லை.

"மேலே எழுதியிருக்கும்மா. பதில் வந்ததும் தெரியப்படுத்துவோம்" என்றேன்.

சத்தியமாக அதை நான் நினைத்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஹெட் குமாஸ்தா எனக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது. பட்டா கேட்டு வந்தவனுக்கும் அதுதான், கிணறு கேட்டு வந்தவனுக்கும் அதுதான். ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் எதையாவது எதிர்பார்த்து நின்றால் என் வாய் தானாக அதைச் சொல்லிவிடும். யாரும் நம்ப வேண்டும் என்று சொல்வதில்லை, கேட்டவர்களும் நம்புவதில்லை. ஆனால் இவள் நம்பினாள். உள்ளே திரும்பி, மாமனாரின் காதுக்கு எட்டும்படி, "மேல எழுதியிருக்காங்களாம் மாமா! பதில் வருமாம்!" என்று கூவினாள். கிழவர் அங்கிருந்தே எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

நண்பன் மோரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

 திரும்பி வரும்போது, பின்னால் நான் இருக்கிறேனா என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நான் ஒருத்தனா போயிருந்தா சொல்லியிருப்பேன்" என்றான். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறு ஞாயிறு அவன் வரவில்லை. வண்டி ஷெட்டின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

புரட்டாசி பிறந்ததும் அவள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். நூல் வாங்க வரும் ஊர் வண்டியில் மாதம் ஒருமுறை ஏறி வந்துவிடுவாள். மற்ற மனுதாரர்கள் எல்லோரும் நகர்ந்தபிறகு மெதுவாக வந்து, "பதில் வந்துச்சா சாமி?" என்பாள். "இன்னும் வரலைம்மா" என்பேன். "சரிங்க. வரட்டும்" என்று போய்விடுவாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவள் தலை தெரிந்ததும் எனக்குக் கை எழுதாது. இரண்டு முறை கோப்பு தேடுவதுபோல ரிக்கார்டு அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அந்த இரண்டு முறையும் சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டுப் போனாள். இப்படியே தை மாதம் வந்துவிட்டது. அவளுக்கு நான் செய்தது கொலை பாதகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மாதாமாதம் செய்தேன்.

கடைசியில் ஷெட்டுக்குப் போய் நண்பன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அக்கா எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டான்.

மாசி முதல் வாரம் அவள் வந்தபோது, ஆபீஸ் வேப்பமரத்தடியில் அவன் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தான். நானும் எழுந்து வெளியே போனேன். அவன் சுற்றி வளைக்கவில்லை. காட்டுவழி, காய்ச்சல், புதைத்த இடத்தில் இருந்த பெரிய மூங்கில் புதர், எல்லாவற்றையும் தலையைக் குனியாமல் சொன்னான். கண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை. அவள் அழவில்லை. கடிதம் இருந்த துணிமுடிச்சை மார்போடு அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்டியாவா இருந்தாரு?"

"இல்லக்கா. என் முதுகுல சாஞ்சிகினு இருந்தாரு."

அவள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மேல எழுதவே இல்லியா சாமி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த ஆபீஸில் இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் யாருக்கும் அவ்வளவு நேரடியாகப் பதில் சொன்னதில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. இந்த வயதிலும் சில நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, அன்று நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஊர் வண்டி நூல் மூட்டைகளோடு கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை. மூன்று மணிக்குப் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் இருக்கிறது, டிரைவர் தனக்கு வேண்டியவர், முன்சீட்டில் உட்கார வைத்து அனுப்புகிறேன் என்றான் நண்பன்.

"வாணாம் தம்பி. நடந்தே போறேன்."

"பன்னெண்டு மைலுக்கா."

"ஆங், தெரியும்." நெற்றிக்குக் கை போயிற்று. குங்குமத்தைத் தொடவில்லை, அதற்கு மேலே வியர்வையை மட்டும் புறங்கையால் ஒற்றினாள். "ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டா மாமாகிட்ட சொல்லியாவணும். சொல்லிட்டா இத அழிச்சிடுவாங்க. மெதுவா நடந்தேன்னா, கொஞ்ச நேரம் இருக்குமில்ல."

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். மணி பதினொன்று இருக்கும். கடைத்தெரு திரும்பும்வரை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.